இழுத்துப் பிடித்து நிற்கும் கலை: சமகாலப் படைப்புகளில் முரண் எப்படி வேலை செய்கிறது

முள்கம்பி, குண்டு துளைத்த சுவர், சிவப்புச் சாயம் வழியும் துணி. போரைப் பற்றிய கண்காட்சி என்றால் இவற்றில் ஏதாவது ஒன்று அநேகமாக இருக்கும். பார்த்ததும் எதைச் சொல்கிறது என்று புரிந்துவிடும். புரிந்ததும் கால்கள் அடுத்த அறைக்குப் போய்விடும். மோதலைக் காட்டுகிற படைப்பெல்லாம் மோதலால் இயங்குகிற படைப்பாகிவிடாது. இந்த இரண்டாம் வகையில் எதிரெதிராக இழுக்கும் விசைகள் படைப்புக்குள்ளேயே இருக்கும். ஒன்று விட்டுக்கொடுத்தால் மொத்தமும் சரிந்துவிடும். அப்படியொரு நிலையைக் கட்டி எழுப்ப ஆவேசம் மட்டும் போதாது. என்ன எடை, என்ன கோணம், எவ்வளவு நேரம், யாருடைய உடம்புக்கு ஆபத்து, யாரிடம் சம்மதம் கேட்டோம் என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும்.

1980இல் டப்ளினில், அப்போது இணையராக வாழ்ந்த நிகழ்த்துகலைஞர்கள் மரினா அப்ரமோவிச் என்ற பெண்ணும் ஊலாய் என்ற ஆணும் நிகழ்த்திய ‘ரெஸ்ட் எனர்ஜி’யில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அதற்குத் தேவைப்பட்டவை ஒரு வில், ஓர் அம்பு, இரண்டு சிறிய ஒலிவாங்கிகள், இரண்டு உடம்புகள். வில்லின் தண்டை அப்ரமோவிச் பிடித்திருக்கிறார். நாணையும் அதில் பூட்டிய அம்பின் வாலையும் ஊலாய் விரல்களால் பிடித்திருக்கிறார். இருவரும் பின்பக்கமாகச் சாய்கிறார்கள். அம்பின் முனை அப்ரமோவிச்சின் நெஞ்சுக்கு நேராக இருக்கிறது. இப்படியே 4 நிமிடம் 10 விநாடி.

இங்கே நாணை இழுப்பது கையின் பலம் மட்டுமல்ல. சாய்ந்த உடம்புகளின் எடைதான் வில்லை வளைக்கிறது. வளைந்த வில்தான் அந்த இருவரையும் கீழே விழாமல் பிடித்திருக்கிறது. ஒருவர் நிமிர்ந்தால் வில் தளரும், மற்றவரின் பிடிமானம் போகும். ஊலாயின் விரல் நழுவினால் அம்பு பாயும். அசையாமல் ஒரே நிலையில் இறுக்கிப் பிடித்த தசை சீக்கிரம் களைத்து நடுங்கத் தொடங்கும் என்பதால், ஒவ்வொரு விநாடியும் முந்தையதைவிட ஆபத்தானது. முகங்களில் எதுவும் தெரிவதில்லை. ஆனால் மார்பில் பொருத்திய ஒலிவாங்கிகள் இதயத் துடிப்பைக் கேட்க வைக்கின்றன. அது வேகமெடுப்பது காதில் விழுகிறது. முகம் மறைப்பதை ஒலி காட்டிக்கொடுக்கிறது. காட்சியும் ஒலியும் ஒன்றையொன்று மறுக்கும் இந்த ஏற்பாடுதான் படைப்பின் இரண்டாவது முரண். பார்வையாளரை அசையவிடாமல் நிறுத்துவதில் அம்புக்குச் சற்றும் குறையாத பங்கு இதற்கு உண்டு.

அம்பு ஒருவரை நோக்கி மட்டுமே இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இருவருக்கும் சம ஆபத்து என்றால் அது ஒரு சமநிலை வித்தையாகிவிடும். விசை இருபக்கமும் சமம், விளைவு ஒரு பக்கம் மட்டும் என்பதால்தான் அது ஆண், பெண், நம்பிக்கை, அதிகாரம் எல்லாவற்றையும் ஒரு சொல்கூட இல்லாமல் பேசுகிறது. இதைப் போலச் செய்ய முயல்பவர்கள் பெரும்பாலும் மழுங்கிய அம்பையோ, பூட்டி நிறுத்திய நாணையோ வைத்துப் படம் எடுப்பார்கள். தோற்றம் அச்சு அசலாக இருக்கும், ஆனால் நடுக்கம் இருக்காது. அதற்காக உண்மையான ஆபத்தைத் தேடிப் போகச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆபத்தில்லாமலும் உண்மையான விசையை உருவாக்க வழி உண்டு.

அந்த இருவரின் சொந்த வாழ்க்கையிலும் பின்னாளில் மோதல் வந்தது. 1988இல் சீனப் பெருஞ்சுவரின் இரு முனைகளிலிருந்து நடந்து வந்து நடுவில் சந்தித்துப் பிரிந்தார்கள். கூட்டுப் படைப்புகள் குறித்து 1999இல் போட்ட ஒப்பந்தம் மீறப்பட்டதாக ஊலாய் வழக்குத் தொடர, 2016இல் டச்சு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இந்தக் கதையை 1980ஆம் ஆண்டுப் படைப்புக்குள் திணித்துப் படிப்பதில் பலருக்கு ஆசை. தேவையில்லை. கலைஞர்கள் சண்டை போட்டார்கள் என்பது படைப்பின் முறுக்கை ஒரு துளியும் கூட்டாது. நன்றாக ஒத்துப்போனவர்களால்தான் அந்த வில்லை நான்கு நிமிடம் பிடித்திருக்க முடியும்.

ஆபத்தில்லாத உண்மையான விசைக்கு அமெரிக்கச் சிற்பி கென்னத் ஸ்னெல்சனின் சிற்பங்கள் நல்ல பாடம். 1948இல் பிளாக் மவுன்டன் கல்லூரி மாணவராக அவர் செய்த சிறு மாதிரிகளில், விறைப்பான கட்டைகள் ஒன்றையொன்று தொடாமல் இழுத்துக் கட்டிய கயிறுகளாலேயே அந்தரத்தில் நின்றன. அங்கே ஆசிரியராக வந்த வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் பின்னர் இந்த அமைப்புக்கு ‘டென்செக்ரிட்டி’ என்று பெயர் சூட்டிப் பரப்பினார். யாருடைய கண்டுபிடிப்பு என்ற தகராறு பல்லாண்டு நீடித்தது. ஸ்னெல்சன் 1965இல் காப்புரிமை பெற்றார். அவருடைய ‘நீடில் டவர்’ 1968இல் செய்யப்பட்டது. அலுமினியக் குழாய்களும் எஃகு வடங்களும் கொண்ட அந்தக் கோபுரம் வாஷிங்டனின் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 18 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது.

இதன் மிகச் சிறிய வடிவத்தை எந்தப் பட்டறையிலும் ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம். சிற்பக்கலை மாணவர்கள் அனைவரும் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும். விசையைப் பற்றிப் பேசுவதும் அதை விரலில் உணர்வதும் வேறுவேறு. விரல் பருமன் மரக்கோல்கள் மூன்று எடுத்து ஒவ்வொன்றையும் 45.6 செ.மீ. நீளத்துக்கு நறுக்குங்கள். இரு முனையிலும் 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டுப் போட்டால், வெட்டின் அடியிலிருந்து மறு வெட்டின் அடிவரை சரியாக 45 செ.மீ. வரும். அதிகம் நீளாத பின்னல் நூல் வேண்டும். மீன்பிடிக்கும் பின்னல் நூல் நல்லது, முறுக்கிய பருத்தி நூல் ஆகாது. பக்கத்துக்கு 30 செ.மீ. வீதம் இரண்டு நூல் முக்கோணங்கள் கட்டுங்கள். தனியாக 31 செ.மீ. நூல்கள் மூன்று. எல்லா அளவும் முடிச்சுக்கு முடிச்சு.

ஒரு முக்கோணத்தைத் தரையில் விரித்து ஒவ்வொரு மூலையிலும் ஒரு கோலின் அடியைப் பொருத்துங்கள். மூன்று கோல்களும் ஒரே திசையில் சாய வேண்டும். ஒன்று மாறிச் சாய்ந்தாலும் அமைப்பு உருவாகாது. தொடக்கத்தில் நடக்கும் தவறுகளில் பாதி இதுதான். மேல்முனைகளில் இரண்டாவது முக்கோணத்தை மாட்டுங்கள். இனி 31 செ.மீ. நூல்கள். கீழ்மூலையிலிருந்து கிளம்பும் நூல் அதே மூலையில் நிற்கும் கோலின் தலைக்குப் போகாது. சாய்ந்து வந்து அந்த மூலைக்குக் கிட்டத்தட்ட நேர்மேலே நிற்கும் இன்னொரு கோலின் தலைக்குப் போகும். முதல் இரண்டு நூல்களைக் கட்டும்வரை எல்லாம் தொளதொளவென்று கையில் விழும், உதவிக்கு ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். மூன்றாவது நூலை இழுத்து மாட்டியவுடன் முழு அமைப்பும் சட்டென்று விறைக்கும். கோல்கள் எங்கும் ஒன்றையொன்று தொடாது. நடுவில் 5 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கும். மேல் முக்கோணம் கீழ் முக்கோணத்தைவிட 30 பாகை திரும்பி, சுமார் 30 செ.மீ. உயரத்தில் நிற்கும்.

ஏன் 31? கோல் 45, முக்கோணத்தின் பக்கம் 30 என்று வைத்துக்கொண்டால் பக்க நூலுக்குக் கணக்கு அனுமதிக்கும் மிகக் குறைந்த நீளம் ஏறத்தாழ 31.4 செ.மீ. நூல் அதைவிட நீளமாக, 33 செ.மீ. என்று இருந்தால், அமைப்பு எந்தப் பக்கமும் திரும்பலாம். அதற்குச் சொந்த வடிவமே இல்லாமல் துவண்டு விழும். 31.4க்குச் சற்றுக் குறைவாக வெட்டினால் இல்லாத இடத்துக்குள் நூலை நுழைக்கிறோம். நூல் கொஞ்சம் நீண்டாக வேண்டும், கோல் அழுத்தப்பட்டாக வேண்டும். அந்த 4 மி.மீ. பற்றாக்குறைதான் விறைப்பாக மாறுகிறது. 30 செ.மீ. என்று ரொம்பக் குறைத்தால் முடிச்சு நழுவும் அல்லது கோலின் முனை பிளக்கும். பருத்தி நூலில் செய்தது மறுநாள் காலையில் தளர்ந்து கிடப்பதற்கும் இதுவே காரணம்: நூல் இரவெல்லாம் மெல்ல நீண்டு அந்த 4 மி.மீ.யைத் தின்றுவிடும். செய்து முடித்தபின் ஒரு நூலை மட்டும் விரலால் மீட்டினால் மற்ற எட்டும் அதிர்வது தெரியும். எந்த ஒரு நூலை வெட்டினாலும் மொத்தமும் விழும்.

முரணை உள்ளே வைத்துக் கட்டிய எந்தப் படைப்பையும் சோதிக்க இதைவிட நல்ல கேள்வி இல்லை. எதை எடுத்தால் இது விழும்? எதை எடுத்தாலும் விழாது என்றால் அங்கே இருப்பது அலங்காரம்.

அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா எடையை வைத்து இதையே செய்தார். 1969இல் செய்த ‘ஒன் டன் ப்ராப்’ படைப்பில் நான்கு சதுர ஈயத் தகடுகள், பக்கத்துக்கு 122 செ.மீ., தடிமன் 2.5 செ.மீ. பற்றவைப்பு இல்லை, திருகாணி இல்லை, தரையில் ஊன்றவும் இல்லை. மேல்மூலைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. எது எதைத் தள்ளுகிறது என்பது முழுக்கக் கண்ணில் தெரிவதால், பக்கத்தில் போகும்போது உடம்பு தானாகவே ஒதுங்குகிறது. சுத்த ஈயம் மிக மென்மையானது. தன் எடையாலேயே காலப்போக்கில் வளைந்து தொய்யும். ஆன்டிமனி என்ற தனிமத்தைச் சேர்த்தால் உறுதி கூடும், அப்போதும் கவலை தீர்ந்துவிடாது. தரைமட்டம் சற்றே சாய்ந்திருந்தாலும் சுமை ஒரே மூலையில் போய் உட்காரும்.

இங்கே நேராகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. 1971இல் மினியாபொலிஸின் வாக்கர் கலை மையத்தில் செர்ராவின் சிற்பம் ஒன்றை நிறுவும்போது எஃகுத் தகடு விழுந்து ஒரு தொழிலாளி இறந்தார். கலைஞர் தன் உடம்பைப் பணயம் வைப்பது வேறு, கூலிக்கு வேலை செய்பவரின் உடம்பைப் பணயம் வைப்பது வேறு. பார்வையாளருக்கு அபாய உணர்வைத் தரும் படைப்பு, அதைத் தூக்கி நிறுத்துகிறவருக்கு எந்த நிலையிலும் அபாயம் தரக்கூடாது. கடைசி மூலை பொருந்தி, சுமை முழுதும் மாறிவிட்டது உறுதியாகும்வரை எந்தத் தகட்டின் தாங்கலையும் எடுக்கக்கூடாது. விழக்கூடிய பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது. நிறுவும் நேரத்தைவிடக் கழற்றும் நேரத்தில் கவனம் சிதறுவது அதிகம்; கண்காட்சி முடிந்துவிட்டது என்ற நிம்மதி எல்லாருக்கும் வந்துவிடுகிறது.

எடையின் முரணிலிருந்து மனிதர்களின் மோதலுக்கு செர்ரா போன இடம் நியூயார்க். அமெரிக்க அரசின் பொதுச் சேவை நிர்வாகம் பணித்தபடி 1981இல் கீழ் மன்ஹாட்டனின் ஃபெடரல் பிளாசாவில் ‘டில்டட் ஆர்க்’ எழுந்தது. 36.6 மீட்டர் நீளம், 3.66 மீட்டர் உயரம், ஆறு செ.மீ.க்குச் சற்று அதிகத் தடிமன், தானாகத் துருப்பிடிக்கும் எஃகு. திறந்த சதுக்கத்தைக் குறுக்காக வெட்டிய சாய்வான சுவர். நடந்து போகிறவர் தன் நடையையே உணர வேண்டும், சதுக்கத்தைப் புதிதாகக் காண வேண்டும் என்பது நோக்கம். அங்கே தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கோ அது வழியை மறித்த இரும்பு. 1985 மார்ச் மாதம் நடந்த பொது விசாரணையில் 180 பேர் பேசினார்கள். 122 பேர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுக்கச் சொன்னார்கள். ஐவர் குழு நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் எடுக்கப் பரிந்துரைத்தது. இந்த இடத்துக்கென்றே செய்ததை இடம் மாற்றுவது அழிப்பதற்குச் சமம் என்று செர்ரா வழக்காடித் தோற்றார். 1989 மார்ச் 15 இரவு அது வெட்டி அகற்றப்பட்டது.

செர்ராவின் பக்கம் நின்று பேசுவது கலை உலகில் வழக்கம். சிற்பம் என்ற அளவில் அது வலுவானது. ஓர் அரசு அலுவலகம் தான் பணித்த படைப்பையே அறுத்து எடுத்ததும் தவறுதான். ஆனாலும் அந்தப் படைப்பு தோற்ற இடம் அதன் வடிவத்தில் இல்லை, கால அளவில் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்கு வருகிறவர் இறுக்கத்தைத் தேடி வருகிறார், அரை மணியில் வெளியேறிவிடுகிறார். சதுக்கத்தைக் கடக்கும் குமாஸ்தாவுக்கு வெளியேறும் வழி கிடையாது. ஆண்டு முழுவதும், காலையும் மாலையும். சம்மதம் கேட்காமல், முடிவுத் தேதி சொல்லாமல் ஒருவரை இறுக்கத்துக்குள் வைத்தால் அவர் பார்வையாளராக இருப்பதை நிறுத்திவிட்டுப் புகார்தாரராகிவிடுவார்.

2007இல் கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சால்செடோ லண்டனில் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தின் டர்பைன் ஹால் தரையில் 167 மீட்டர் நீளத்துக்குப் பிளவு உண்டாக்கியபோது நிலைமை வேறு. ‘ஷிபொலெத்’ என்ற அந்தப் படைப்பு ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள்மீது காட்டப்படும் பாகுபாட்டைப் பற்றியது. தன் சொந்தத் தரை பிளக்கப்படுவதற்கு அருங்காட்சியகமே ஒப்புக்கொண்டது. சிலர் கால் தடுக்கியும் விழுந்தார்கள். 2008 ஏப்ரலில் கண்காட்சி முடிந்ததும் பிளவு நிரப்பப்பட்டது. பூசிய தழும்பு தரையில் இன்னும் தெரிகிறது. அடி வாங்கியது நிறுவனம். அந்த ஒரு தேர்வு படைப்பை நேர்மையாக்குகிறது.

கொலம்பிய அரசுக்கும் ஃபார்க் கொரில்லாப் படைக்கும் 2016இல் ஏற்பட்ட அமைதி உடன்பாட்டின்படி, ஒப்படைக்கப்பட்ட ஆயுதங்களைக் கொண்டு நினைவுச் சின்னம் செய்யும் பொறுப்பும் சால்செடோவுக்கு வந்தது. 37 டன் ஆயுதங்கள் உருக்கப்பட்டன. போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் உலோகத் தகடுகளைச் சுத்தியலால் அடித்து நெளித்தார்கள். அந்த நெளிவுகளிலிருந்து அச்சு எடுத்து, உருக்கிய ஆயுத உலோகத்தைத் தரை ஓடுகளாக வார்த்தார்கள். 2018இல் பொகோட்டாவில் திறந்த ‘ஃப்ராக்மென்டோஸ்’ இதுதான். நிமிர்ந்து பார்க்கத் தூண் இல்லை, மிதித்து நடக்கத் தரை இருக்கிறது. சமாதானச் சின்னம் என்று வெண்புறா செதுக்கியிருந்தால் முரண் அங்கேயே முடிந்துபோயிருக்கும்.

போரிலிருந்து பிறந்த கலையில் தமிழருக்கு மிக நெருக்கமான, இன்னும் போதிய அளவு பேசப்படாத படைப்பு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத் துறையைச் சேர்ந்த தா. சனாதனன் உருவாக்கி 2011இல் ரேக்கிங் லீவ்ஸ் வெளியிட்ட ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’. ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேட்டுக்குப் பெயர் தோம்பு. யாருக்கு எந்த நிலம் என்று அதிகாரம் எழுதிவைத்த ஏடு. அந்தப் பதிவேட்டின் சாயலில், இடம்பெயர்ந்த தமிழ் பேசும் 80 பேரின் இழந்த வீடுகளை இந்த நூல் பதிவு செய்கிறது. 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதையும், 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதி மக்கள் மொத்தமாகக் கிளம்ப நேர்ந்ததையும் அறிந்தவர்களுக்கு, வீட்டின் வரைபடம் என்ற சொல் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்பது தெரியும்.

அமைப்பு எளிமையானது. வீட்டை இழந்தவர் நினைவிலிருந்து தரைப்படம் வரைகிறார். அதை வைத்து கட்டடக் கலைஞர் ஒருவர் முறையான வரைபடம் போடுகிறார். பிறகு கலைஞர் உலர் பேஸ்டல் என்ற வண்ணக் குச்சிகளால் ஓர் ஓவியம் செய்கிறார். மூன்றும் ஒரே வீட்டைப் பற்றியவை, மூன்றும் ஒத்துப்போவதில்லை. நினைவு போட்ட கோட்டில் கிணறு வீட்டளவுக்குப் பெரிதாகலாம். கட்டடக் கலைஞரின் பேனா அதை உரிய அளவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். எது உண்மையான வீடு என்று நூல் தீர்ப்புச் சொல்வதில்லை. அரசுப் பதிவேட்டின் இறுகிய வடிவமும் அந்த வடிவத்துக்குள் அடங்காத நினைவும் பக்கத்துக்குப் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. சுடுகாயமோ சடலமோ வரையாமலே போர் முழுதும் அங்கே இருக்கிறது. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் இது விழும்: வரைந்தவரின் கோடு இல்லையென்றால் வெறும் கட்டட வரைபடம், கட்டடக் கலைஞரின் கோடு இல்லையென்றால் நினைவுத் தொகுப்பு.

இவ்வகை வேலையில் இறங்குகிறவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் சில. முதலாவது, கேட்கும் கேள்வி. என்ன நடந்தது என்று கேட்டால், நூறு முறை சொல்லிச் சொல்லி உறைந்துபோன வாக்குமூலம் வரும், சொல்பவருக்கும் வலிக்கும். அடுப்படி எந்தப் பக்கம், கிணற்றடிக்குப் போக எந்தக் கதவு என்று கேட்டால் கை தானாக வரையத் தொடங்கும். எல்லாருக்கும் ஒரே அளவுத் தாள், ஒரே வகைப் பென்சில் கொடுங்கள். கோடுகளின் வேறுபாடு மனிதர்களிடமிருந்து வர வேண்டும், பொருள்களிடமிருந்து வரக்கூடாது. எனக்கு வரையத் தெரியாது என்பார்கள். அப்போது கலைஞர் பென்சிலைத் தன் கையில் வாங்கிவிட்டால் வேலை அங்கேயே கெட்டது. கோணல் கோட்டை நிமிர்த்தக்கூடாது, அழித்த தடத்தைத் துடைக்கக்கூடாது. கண்காட்சிக்காகப் பெரிதாக்கும்போது கணினியில் சுத்தம் செய்வது இன்று சாதாரணமாகிவிட்டது; அந்தச் சுத்தத்தில் போய்விடுவது தயக்கம், அதுதான் சாட்சியம்.

அடுத்தது விளக்கக் குறிப்பு. படத்துக்குப் பக்கத்தில் அரசியல் பின்னணியை அரைப் பக்கம் எழுதினால் பார்ப்பவர் அதைப் படித்துவிட்டுப் படத்தை உறுதிப்படுத்த மட்டும் பார்ப்பார். இரண்டு வரி போதும்.

கடைசியாக, பெயரும் உரிமையும். வீட்டின் தரைப்படம், ஊர்ப் பெயர், குடும்பப் பெயர் மூன்றும் சேர்ந்தால் காணித் தகராறு இன்னும் தீராத இடத்தில் ஒருவரை அடையாளம் காட்டிவிடும். எதைப் போடலாம், எதை மறைக்க வேண்டும் என்று வரைந்தவரிடம் படம் கைக்கு வந்த பிறகு ஒருமுறை, அச்சுக்குப் போகும் முன் இன்னொரு முறை கேட்க வேண்டும். மூலப் படம் யாரிடம் இருக்கும் என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள்; கலைஞரிடம் இருந்தால் நல்ல பிரதி ஒன்று வரைந்தவருக்குப் போக வேண்டும். கண்காட்சியிலிருந்து ஒரு படத்தை எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம், அச்சான நூலிலிருந்து முடியாது. இந்த வேறுபாட்டைச் சம்மதம் வாங்கும்போதே வாய்விட்டுச் சொல்லி, யோசிக்க ஒரு வாரமாவது அவகாசம் கொடுத்து, பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும்.